கோடியக்கரைக் குதிரைகளும் மேய்ச்சல் தரையும்

மேய்ச்சல் தரையின் வளம் அதில் நிற்கும் பிராணிகளின் தொகையைக் கொண்டு அளக்கப்படுவதன்று. அவை மேய்ந்து சென்றபின் எஞ்சும் புல்லைக் கொண்டே அளக்கப்படும். கால்நடை வைத்துள்ள விவசாயிகள் அனைவரும் அறிந்த இவ்வுண்மை வன விலங்குகளின் சரணாலயங்களுக்கும் பொருந்தும். கோடியக்கரை இதற்குத் தக்க சான்றாகும்.

பிரெஞ்சு ஆட்சியில் தனிக் கொம்யூனாயிருந்த முதலியார்பேட்டையிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் பாதை காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் கடந்து வேதாரணியத்தை அடைகின்றது. அதற்கும் தெற்கே, நிலம் கடலுக்குள் முடியும் முனையே கோடியக்கரை. வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டில் அவ்விடம் சரணாலயமாக ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்கள் வெகு சிலவே. ஆகையால் இப்புல்வெளியின் அருமை சொல்லாமலே விளங்கும். 2002ஆம் ஆண்டில் இப்பிரதேசம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அங்கீகரிக்கப்பட்டது.

இங்கே மான்களோடு மட்டக் குதிரைகளும் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. இவற்றைக் காட்டுக் குதிரைகள் என்று பலர் கூறுவது வழக்கம். அது சரியன்று. மெய்யான காட்டுக் குதிரை மங்கோலிய தேசத்துக்கு உரியது. 1969க்குப் பின் அது காட்டில் காணப்படாதொழிந்து, மிருகக்காட்சிச் சாலைகளில் பிழைத்திருந்த சந்ததியிலிருந்து 1992 முதல் மீண்டும் தாயகத்தில் விடப்பட்டது. நம் தேசத்தில் அவ்வினத்தைச் சேர்ந்த மெய்யான வனப்பிராணிகளுள் ஒன்று கட்ச் ரண் பகுதியின் காட்டுக் கழுதையாம். கோடியக்கரைக் குதிரைகளோ மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழி வந்தவை. இலங்கையின் நெடுந்தீவிலும் போர்ச்சுக்கேசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் சந்ததி இவ்வாறே திரிகின்றது; மழை பொய்த்த ஆண்டுகளில் குடிநீரின்றி அவை மடிவதும் உண்டு.

குதிரைகளால் மான்களின் தீனி குறைகிறது. ஆதலால் அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. இதில் நியாயம் இல்லாமலில்லை. குதிரை அசைபோடாத பிராணி. தின்றது விரைவில் குடலைக் கடந்து செல்வதால், அதற்குத் தீனி மிகுதியாக வேண்டும். 200 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ உலர்ந்த புல் தேவை. 35 கிலோ எடையுள்ள வெளிமானுக்குச் சுமார் 1 கிலோ போதும். மேலும் மாட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை; குதிரைக்கு இரு தாடையிலும் உண்டு. ஆகவே அது புல்லைத் தரையொட்டக் கடித்துவிடும். கோடையில் அப்படிக் கடிக்கப்பட்ட தரை மழை வரும் வரை தேறுவதரிது.

ஆயினும் குதிரைகளை மட்டும் குற்றவாளியாக்குவது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும். புல்வெளியைச் சுருக்கிய முதற் சத்துரு சீமைக் கருவேலம். வெளிமான் தன் கண்ணையும் காலையும் நம்பி வாழும் பிராணி. புதர் அடர்ந்த இடத்தில் அதற்குப் பார்வையும் இல்லை, ஓட்டமும் இல்லை. புதர் பரவப் பரவ, மானும் குதிரையும் ஊர்மாடும் எஞ்சிய சிறு வெளியில் நெருக்கப்படுகின்றன. அந்நெருக்கத்தையே மக்கள் குதிரையின் குற்றமாகக் காண்கின்றனர். பஞ்சமோ புயலோ வந்தால், இடம் குறுகிய பிராணிகளே முதலில் அழியும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலில் கோடியக்கரையின் மான்களும் குதிரைகளும் மாண்டமை இதற்குச் சாட்சி.

சீமைக் கருவேலம் பரவும் வழியும் கவனிக்கத்தக்கது. அதன் காய் இனிப்புள்ளது. மாடு, ஆடு, குதிரை யாவும் விரும்பித் தின்னும். விதையோ செரியாமல் சாணத்தோடு வெளிவந்து, எருவும் ஈரமும் உள்ள இடத்திலேயே முளைக்கும். ஆகவே குதிரைகளை அகற்றிவிட்டு, காய் தின்ற ஊர்மாடுகளைச் சரணாலயத்துக்குள் ஓட்டினால் பயன் யாது? விதைக்கிறவன் மாறுவானேயன்றி விதைப்பு நிற்காது.

எனவே செய்யத்தக்க முறை இது. முதலாவது, புல்வெளியிலுள்ள கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும்; வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அதன் விறகாலும் கரியாலும் ஏழைகள் பலர் பிழைப்பதால், அகற்றும் வேலையையும் மரத்தையும் அவ்வூர் மக்களுக்கே அளிப்பது தருமமும் யுக்தியுமாம். இரண்டாவது, ஊர்மாடுகள் உள்ளே வருவதைத் தடுத்தல். மூன்றாவதாகவே குதிரைகளின் தொகையைப் புல்லின் அளவுக்கு இசைய மட்டுப்படுத்தல் வேண்டும். அதுவும் வனத்துறையும் கால்நடை வைத்தியரும் கூடி, வதையின்றிச் செய்ய வேண்டிய காரியம்.

இதில் புதுவை, காரைக்கால் நிலச்சுவான்தார்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கோடியக்கரைக் குதிரைகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. உபயோகம் தீர்ந்தபின் பொறுப்பும் தீர்ந்தது என்று மனிதர் எண்ணியதன் பலன் அவை. இன்று உழவுக்கு இயந்திரம் வந்தபின் காளைக்கன்றுகளையும் கறவை வற்றிய பசுக்களையும் தெருவிலும் புறம்போக்கிலும் விட்டுவிடுவோர் அதே வழியில் செல்கின்றனர். அவை பயிரையும் அழிக்கும். பொதுத் தரையையும் பாழாக்கும்.

ஆதலால் கால்நடை வைத்துள்ளோர் தம் தீவனத்துக்கு ஏற்ற தொகையையே வைத்துக்கொள்வதும், கருவேலங்காய் தின்ற மந்தையை ஒரு வாரமேனும் கொட்டிலில் வைத்திருந்து பின்னரே நல்ல மேய்ச்சல் தரைக்கு ஓட்டுவதும், அச்சாணத்தை நன்கு மக்கச் செய்த பின்னரே வயலுக்கு இடுவதும் அவசியம். கிராம உத்தியோகஸ்தர்களும் கொம்யூன் பஞ்சாயத்தாரும் மேய்ச்சல் புறம்போக்கின் எல்லையை அளந்து காத்து, அதில் தலைகாட்டும் கருவேலங்கன்றை முதலாண்டிலேயே பிடுங்கச் செய்தல் வேண்டும். கன்றாயிருக்கையில் கையால் பிடுங்கத்தக்கது, பத்தாண்டு கழிந்தால் இயந்திரத்துக்கும் பெருஞ்செலவுக்கும் இடமாகும். ஊர்தோறும் புல் காக்கப்படுமாயின், சரணாலயத்தின் புல்லுக்காக மானும் குதிரையும் மாடும் போட்டியிட வேண்டிய நிலை தானே குறையும்.