பரணில் தூங்கும் லேப்டாப் - குற்றவாளி யார்?



இராயபுரம் ஆனாலும் சரி, திருவொற்றியூர் ஆனாலும் சரி, எண்ணூர்க் குப்பங்கள் ஆனாலும் சரி, நம் பகுதியில் பல வீடுகளின் பரண் மேல் ஒரு பழைய லேப்டாப் தூங்கிக் கொண்டிருக்கிறது என்றால் அது மிகையாகாது. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அல்லது அப்பா சீட்டு எடுத்து வாங்கித் தந்த சின்ன நெட்புக். "ஏன் இதை உபயோகிக்கிறதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். "அது ரொம்ப ஸ்லோப்பா. ஆன் பண்ணிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வரலாம்."

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் இருக்கிறது. ஒரே ஒரு உறுப்புதான் காலை வாருகிறது. அந்த உறுப்பைக் கண்டுபிடிக்கவும் மாற்றவும் டிப்ளமோ படிக்கிற நம்மால் முடியும். அப்படியிருக்க, அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாதத் தவணையில் புதுசு வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிப்பது நியாயமா? இதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தன?

2011 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள், கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளில் படித்தவர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது இப்படித்தான் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

தொடக்க கால மடிக்கணினிகளில் 2 ஜி.பி. ராம் இருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், 'பாஸ்' லினக்ஸ் மறுபக்கம் என இரண்டு இயங்குதளங்கள். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நம்மில் எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தோம்?

நெட்புக்குகள் அதற்குச் சற்று முன்னால் வந்தவை. 2007-ல் ஆசஸ் 'ஈ பிசி', 2008-ல் இன்டெல் 'ஆட்டம்' சிப் என்று தொடங்கிய அலை அது. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் தகவலைச் சேமிக்கிற பாகமும் மெதுவானதுதான்.

குற்றவாளி யார்?

"பழைய பிராசஸர்டா, அதான் இழுக்குது." இது நாம் சொல்கிற முதல் காரணம். கொஞ்சம் பொறுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற காட்சியைப் பார்க்காதவர் நம்மில் உண்டா? அந்த லாரியில் எஞ்சினுக்கு என்ன குறைச்சல்? இழுக்கிற சக்தி இருக்கிறது. டிரைவரும் தயாராக இருக்கிறார். ஆனாலும் கேட்டில் ஒவ்வொரு வண்டியாகத்தானே விடுவார்கள்? அங்கே போய் லாரிக்குப் பெரிய எஞ்சின் மாட்டினால் வரிசை குறையுமா?

பழைய லேப்டாப்பில் அந்தக் கேட்தான் ஹார்டு டிஸ்க். நாம் இயந்திரவியலும் மின்னணுவியலும் படிக்கிறவர்கள். ஆகவே கணக்குப் போட்டே பார்த்து விடுவோம்.

பல பழைய லேப்டாப்களின் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 5.5 மில்லி செகண்ட். அதற்கு முன்னால் தலையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லி செகண்ட். கூட்டினால் 17, 18 வரும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு 55 முதல் 60 முறைதான் எடுத்துத் தர முடியும்! ஒரு தடவைக்கு 4 கே.பி. என்றால் நொடிக்குச் சுமார் 240 கே.பி. இதே டிஸ்க்தான் ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்குப் பல பத்து எம்.பி. தருகிறது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நடப்பது இந்தச் சிதறல் வேலைதான். கணக்குக்காக 6,000 தடவை படிக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். சுற்றும் டிஸ்கில் அதற்கு 100 செகண்டுக்கு மேல். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு தடவைக்குச் சுமார் 0.1 மில்லி செகண்ட் என்றால், அதே 6,000 தடவைக்கு ஒரு செகண்ட்கூட ஆகாது!

ராம் பற்றாக்குறையும் கடைசியில் டிஸ்க் தலையில்தான் விழுகிறது. 2 ஜி.பி. ராமில் இன்றைய பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் நிரம்பிவிடும். நிரம்பி வழிவதை இயங்குதளம் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. ஏற்கனவே நெரிசலாக இருக்கிற கேட்டில் இன்னொரு வரிசையைச் சேர்த்து விட்டது மாதிரி!

அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்

ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் வைக்காமல் அளவு சொன்னால் சார் விடுவாரா? இங்கும் அப்படித்தான். புதிய விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். விண்டோஸ் 7-ல் ரிசோர்ஸ் மானிட்டர் இதைக் காட்டும். லினக்ஸில் 'டாப்' கட்டளையில் 'டபிள்யூ.ஏ.' என்ற எண்ணைப் பாருங்கள். டிஸ்குக்காக சி.பி.யு. காத்துக் கிடக்கும் நேரம் அது.

அடுத்து டிஸ்கின் ஆரோக்கியம். 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனை வசதி அதற்குள்ளேயே உண்டு. கெட்டுப்போன செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் போட்டோ, சான்றிதழ், பிராஜக்ட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்து விடுங்கள்.

செய்ய வேண்டியவை

காசு செலவில்லாதவை முதலில். கம்ப்யூட்டரோடு தானே கிளம்புகிற வேண்டாத புரோகிராம்களை நிறுத்துங்கள். டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். சுற்றும் டிஸ்க் என்றால் டிஃப்ராக் செய்யலாம். எஸ்.எஸ்.டி.க்கு அது தேவையில்லை. வீணாக எழுதி அதன் ஆயுளைத்தான் குறைக்கும். "ஒரே கிளிக்கில் பத்து மடங்கு வேகம்" என்று விளம்பரம் வருகிற பூஸ்டர், கிளீனர் சமாச்சாரங்களைத் தொடவே தொடாதீர்கள். அதுவும் ஒரு புரோகிராம்தான், அதுவும் அதே டிஸ்கைத்தான் தின்னும்.

இவ்வளவும் செய்தால் கொஞ்சம் மூச்சு விடும். நிஜமான மாற்றம் வேண்டுமென்றால் டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போட வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். வாங்குவதற்கு முன் உங்கள் டிஸ்கின் மாடலைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மி.மீ. தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. உள்ளே ஆடினால் ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். கழற்றும் முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை வரிசையாக ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். லேப்டாப் சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தாலும் நொடிக்கு 300 எம்.பி. வரை போகும், நம் வேலைக்கு அது தாராளம்.

எஸ்.எஸ்.டி. என்று பெயர் போட்டிருந்தாலே வேகம் என்று நம்பிவிடவும் கூடாது. 2008-ல் வந்த ஏசர் ஆஸ்பயர் ஒன் நெட்புக்கின் ஒரு மாடலில் 8 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தது. எழுதுவதில் அது ஹார்டு டிஸ்கையே தோற்கடிக்கும் மந்தம்! சில மலிவு மாடல்களில் சேமிப்புச் சிப்பை போர்டிலேயே ஒட்டி விடுகிறார்கள். அதை மாற்ற முடியாது. அங்கே ஒரே வழி இயங்குதளத்தை இலேசாக்குவதுதான்.

அதற்கு வருவோம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தில் பாங்க் கணக்கைத் திறப்பது ஆபத்து. ஆகவே இலேசான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ., லுபுண்டு, ரொம்பப் பழசுக்கு ஆன்டிஎக்ஸ். ஒரு எச்சரிக்கை: ஆட்டம் என்.270 போன்ற சிப்புகள் 32 பிட் மட்டுமே. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவல் கிடையாது. டெபியன் 12-ல் உண்டு. ராம் குறைவாக இருந்தால் 'ஜி-ராம்' என்ற வசதியை இயக்குங்கள். டிஸ்குக்குத் தள்ள வேண்டியதைச் சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும்.

"இதெல்லாம் வேண்டாத வேலைடா மச்சான்"

இப்படிச் சொல்லும் நண்பர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என்ன செய்தாலும் இந்தப் பெட்டியில் இன்றைய ஆட்டோகேட் ஓடாது. வீடியோ எடிட்டிங் கனவு வேண்டாம். ஆட்டம் சிப் நெட்புக்கில் பெரிய வலைப்பக்கங்கள் திணறத்தான் செய்யும். இதை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன்.

ஆனால் சி புரோகிராம் எழுத, பைத்தான் கற்க, லிப்ரே ஆபீசில் ரிப்போர்ட் அடிக்க, லிப்ரேகேடில் இரு பரிமாணப் படம் வரைய, ஆர்டுயினோவுக்குக் கோடு ஏற்ற இது போதும். (32 பிட் என்றால் ஆர்டுயினோவின் பழைய 1.8 பதிப்பைப் போடவும்.) "செல்போன் இருக்கே" என்பீர்கள். மூன்றாம் வருட பிராஜக்ட் ரிப்போர்ட்டை செல்போனில் அடித்துப் பாருங்கள், தெரியும்!

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் அக்காவின் லேப்டாப்பை ஒரு கடைக்குக் கொண்டுபோனான். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு தம்பி, புதுசு பாருங்க" என்றார்களாம். வீட்டில் கடன் வாங்குவதாகப் பேச்சே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து டிஸ்கைச் சோதித்தோம், மாற்றினோம். ஆன் ஆக நாலு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது இப்போது ஒரு நிமிஷத்துக்குள் வருகிறது. அந்தக் கடன் வாங்கப்படவே இல்லை. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தில் தவணை என்று ஒரு துண்டு விழாமல் தடுப்பது சின்ன விஷயமா?

இன்னொன்றும் உண்டு. தூக்கிப்போடும் பெட்டி எங்கே போகும்? காரீயம் கலந்த போர்டும் பிளாஸ்டிக்கும் குப்பையோடு குப்பையாகிக் கடைசியில் கொடுங்கையூர் மேட்டில் போய் எரியும். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது யார்? நம் வீட்டுக் குழந்தைகள்தான்.

சங்கத்துக்கு என் கோரிக்கை

புல்லட் தயாரித்த திருவொற்றியூரும் லேலண்ட் லாரி தயாரிக்கிற எண்ணூரும் நம் ஊர்கள். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது என்பதற்காக இங்கே எவனாவது புல்லட்டையே பழைய இரும்புக் கடையில் போடுவானா? அந்தப் புத்தி லேப்டாப் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் வேலை செய்யவில்லை?

ஆகவே நம் மாணவர் சங்கம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மின்னணுவியல் லேபில் ஒரு 'பழுது மேஜை' போட வேண்டும். ஒரு செட் ஸ்க்ரூ டிரைவர், டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் ஒரு யு.எஸ்.பி. பெட்டி, லினக்ஸ் ஏற்றிய நாலு பென் டிரைவ், ஒரு நோட்டு. இவ்வளவுதான் மூலதனம். நோட்டில் மாடல், கோளாறு, ஆன் ஆகும் நேரம் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று எழுதி வைப்போம். ஜூனியர்களுக்கு அதுவே பாடப் புத்தகம் ஆகிவிடும். லேபில் கழித்துக்கட்டப் போகிற கம்ப்யூட்டர்களையும் அந்த மேஜைக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கும்படி நிர்வாகத்தைக் கேட்போம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. மகிழ்ச்சி! அதோடு ஒரு கோரிக்கையும் வைப்போம். கொடுக்கிற பெட்டியில் டிஸ்கையும் ராமையும் மாற்றுகிற வசதி இருக்கட்டும். புதுசும் ஒருநாள் பழசாகும் அல்லவா?

நண்பர்களே! இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் பரணில் இருப்பதை இறக்குங்கள், தூசி தட்டுங்கள், அளந்து பாருங்கள். முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை