சீருடை இல்லாத நேரத்துத் துப்பாக்கி



பணி முடிந்து வீட்டுக்குப் போகும் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாமா? அமெரிக்கா இதற்கு 2004-இல் சட்டமாகவே பதில் சொன்னது. அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்தாலே குற்றவாளி ஆகிவிடும் நிலையும் இருந்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின்படி, ஆயுதம் ஏந்தத் துறை அனுமதித்த காவலர், அடையாள அட்டையோடு 50 மாநிலங்களிலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். யாராக இருந்தாலும் குடித்திருக்கக் கூடாது.

சட்டம் உரிமையைக் கொடுத்தது. ஆனால் சாதாரண உடையில் துப்பாக்கியோடு ஓடிவரும் ஒருவரைப் போலீஸ் என்று மற்ற போலீசார் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? என் கவலையெல்லாம் இதுதான்.

2009 மே 28 இரவு, நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெம். பணி முடிந்து தன் கார் அருகே வந்த ஓமார் எட்வர்ட்ஸ் என்ற 25 வயதுக் காவலர், யாரோ அதை உடைத்துத் திருடுவதைப் பார்த்தார். துப்பாக்கியை உருவிக்கொண்டு துரத்தினார். அந்த வழியாகக் காரில் வந்த, மஃப்டியில் இருந்த போலீசாரின் கண்ணில் பட்டது துப்பாக்கியோடு ஓடும் ஒரு கறுப்பின இளைஞர்தான். கத்தினார்கள். அவர் திரும்பினார். அவர்களில் ஒருவர் சுட்டுவிட்டார். உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சட்டையை வெட்டியபோதுதான், உள்ளே போலீஸ் பயிற்சிப் பள்ளியின் பனியன் தெரிந்தது. இறந்தவர் அண்மையில்தான் திருமணம் செய்துகொண்டவர், இரண்டு குழந்தைகளின் தந்தை.

அந்த நகரில் மஃப்டியில் பணி செய்வோருக்கு ‘இன்றைய நிறம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அன்றைக்கு அறிவிக்கப்பட்ட நிறத்தில் பட்டை அணிந்திருந்தால், நம்மவர் என்று பிறர் அறிவார்கள். வீட்டுக்குப் போகிறவரிடம் அந்தப் பட்டை ஏது?

இத்தகைய மரணங்களை ஆராய, அப்போதைய நியூயார்க் மாநில ஆளுநர் டேவிட் பேட்டர்சன் அமைத்த குழு 2010-இல் அறிக்கை தந்தது. 1982-லிருந்து, பணியில் இல்லாத நேரத்தில் ஆள் தெரியாமல் சக போலீசாரால் கொல்லப்பட்ட 10 பேரில் 9 பேர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஈஸ்ட் ஹார்லெமுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பிராவிடன்ஸ் நகரில் கார்னல் யங் என்ற இளம் காவலரின் உயிரும் இப்படித்தான் போயிற்று. உணவகத்துக்கு வெளியே தகராறு. உதவத் துப்பாக்கியோடு வந்தவரைச் சீருடையில் இருந்த சக காவலர்களே சுட்டார்கள். அவருடைய தந்தை அதே துறையில் உயர் அதிகாரி. பத்தில் ஒன்பது என்ற அந்தக் கணக்கைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார் கையில் துப்பாக்கி இருந்தால் திருடன், யார் கையில் இருந்தால் காவலர் என்று கண் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

முதலில் சொன்ன 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்வு என்று கேட்பதெல்லாம் சுடும் திறமையைத்தான். பின்னாலிருந்து “போலீஸ், அசையாதே” என்று குரல் கேட்டால், திரும்பாமல், கையை அசைக்காமல், சொன்னபடி நிற்க வேண்டும். இது நியூயார்க்கில் காவலர்களுக்குக் கற்றுத் தரப்படும் பாடம். ஆனால் திருடனைத் துரத்திய வேகத்தில் அந்தக் குரலுக்கு உடம்பு தானாகத் திரும்பிவிடும். ஆகவே அந்தப் பாடம் பேச்சோடு நிற்கக் கூடாது. இலக்கைச் சுடுவதைப் போலவே அதையும் ஆண்டுதோறும் பழக வேண்டும். குரல் கொடுப்பவருக்கும் அதே பயிற்சி வேண்டும். சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டிய வரி அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்