ஜார்ஜ் மெல்லியை எப்படி வழியனுப்புவது?

ஒருவர் இறந்த மறுநாள் ஊரே ஒரே குரலில் அவரைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அவரை யாரும் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். அல்லது கவனித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டிஷ் ஜாஸ் பாடகர் ஜார்ஜ் மெல்லிக்கு அப்படி நடக்கவில்லை. 2007 ஜூலை 5ஆம் தேதி, லண்டனில் தன் வீட்டில், 80 வயதில் அவர் கண்ணை மூடினார். கொண்டாடியவர்கள் இருந்தார்கள், முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், ‘அவர் என்ன அவ்வளவு பெரிய பாடகரா?’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மூன்று தரப்பு சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பதே என் கட்சி.

மெல்லியைப் பார்த்த எவரும் முதலில் அவர் உடையைத்தான் பார்த்திருப்பார்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில், பட்டை பட்டையாகக் கோடு போட்ட தொளதொள சூட். அகல விளிம்புத் தொப்பி. வயதான பிறகு ஒரு கண்ணை மறைத்த கறுப்புத் திரை. 1926இல் லிவர்பூலில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து, அங்கேயே அரசாங்கமே வேண்டாம் என்னும் துண்டுப் பிரசுரங்களை வைத்திருந்து மேலதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டவர். பிறகு லண்டனில் சர்ரியலிச ஓவியங்களை விற்கும் கூடத்தில் வேலை. 1950களில் மிக் மல்லிகனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் பயணம். அதற்கப்புறம் பத்திரிகை விமர்சகர், கார்ட்டூன் தொடரின் கதாசிரியர், திரைக்கதை எழுத்தாளர். பாப் கலாசாரத்தைப் பற்றி அவர் 1970இல் வெளியிட்ட ‘ரிவோல்ட் இன்டு ஸ்டைல்’ இன்றைக்கும் படிக்க வேண்டிய புத்தகம். 1972 முதல் 1974 வரை பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கத்தின் தலைவராக இருந்த நாத்திகர்.

அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. மான்செஸ்டரில் ஓர் இரவு, நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவரை முரட்டு இளைஞர் கும்பல் ஒன்று வழிமறித்தது. ஓடவும் இடமில்லை, அடிக்கவும் தெம்பில்லை. ஜெர்மானியக் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ், பொருளே இல்லாத வெறும் ஒலிகளைக் கோத்து ஒரு நீண்ட கவிதை செய்திருந்தார். மெல்லிக்கு அது மனப்பாடம். அதை உரக்க முழங்கத் தொடங்கினார். கும்பல் திகைத்து, மெல்ல மெல்லப் பின்வாங்கிக் கலைந்துபோனது. அவருடைய குரல்வளத்தில் குறை காண்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எதிரே நிற்பவர்களை ஒரே நொடியில் தன் வசம் இழுக்கத் தெரிந்த மனிதர் அவர். மேடைக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான்.

ஆனால் குரல்வளம் பற்றிய கேள்வியை அதை வைத்து ஒதுக்கிவிட முடியாது. மெல்லி தன் வாழ்நாள் முழுக்கத் தெய்வமாக நினைத்தது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை. பள்ளிக்கூட நாட்களில் அவருடைய இசைத்தட்டைக் கேட்டு மயங்கியவர், எண்பது வயதுவரை அந்தப் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தார். ஏழ்மையிலும் நிறவெறியிலும் அடிபட்ட ஒரு பெண்ணின் பாட்டை, செலவு பிடித்த தனியார் பள்ளியில் படித்த ஓர் ஆங்கிலேயர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பாடலாமா? அவர் உயிரோடு இருந்தபோதே ஜாஸ் ரசிகர்கள் சிலர் இப்படிக் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பெஸ்ஸி 1937இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். அப்படிப்பட்டவரின் கல்லறைக்கு 33 ஆண்டுகள் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 1970இல் பாடகி ஜானிஸ் ஜாப்லினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும் பணம் போட்டுத்தான் கல் நட்டார்கள். பெஸ்ஸியின் பாட்டால் வாழ்ந்தவர்கள் பலர். பெஸ்ஸிக்குக் கிடைத்ததோ இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மெல்லியின் பாட்டைக் கேட்டால் உறுத்தத்தான் செய்யும்.

அவர் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு யாருடையது என்பதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. மேடையிலும் எழுத்திலும் பெஸ்ஸியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயால் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டு, மூல இசைத்தட்டைத் தேடிப் போன பிரிட்டிஷ் ரசிகர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பாடகராக அவரை நடுத்தரத்தில்தான் வைப்பேன். ரசிகராக அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை.

முகம் சுளித்தவர்களின் காரணம் வேறு. குடி, புகை, ஆண்களோடும் பெண்களோடும் கணக்கில்லாத உறவுகள். ஆண்களுக்கிடையே உடலுறவு இங்கிலாந்தில் 1967வரை குற்றம். அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில், கடற்படையில் தான் எப்படி வாழ்ந்தேன் என்பதை 1977இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் வெட்கமில்லாமல் எழுதினார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஒளிந்து வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பக்கங்கள் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும். செத்த பிறகு எதிரிகள் தோண்டியெடுக்க ஒரு ரகசியமும் அவர் விட்டுப்போகவில்லை.

இங்கேதான் கொண்டாட்டக்காரர்களோடு எனக்கு மனத்தாங்கல். எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தில் அவர் மனைவி டயானா மெல்லி இருக்கிறார். 1963இல் திருமணம். கணவர் ஊர் சுற்றிப் பாடினார், காதலித்தார், கொண்டாடினார். வீட்டையும் பிள்ளைகளையும் டயானா பார்த்துக்கொண்டார். அவருக்கும் வேறு காதல்கள் இருந்தன. அதையும் அவர் மறைக்கவில்லை. 2005இல், கணவர் உயிரோடு இருக்கும்போதே, அந்தத் தாம்பத்தியத்தைப் பற்றி ‘டேக் எ கேர்ள் லைக் மீ’ என்ற புத்தகத்தை எழுதினார். காயங்கள், பிள்ளையை இழந்த துயரம், தன் தவறுகள் எல்லாம் அதில் உண்டு. அதே 2005இல் மெல்லியும் முதுமையைப் பற்றி ‘ஸ்லோயிங் டவுன்’ எழுதினார். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆண்டில் இரண்டு வாக்குமூலங்கள்.

கடைசிக் காலத்தில் மெல்லிக்கு நுரையீரல் புற்றுநோய். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறதி நோயும் சேர்ந்துகொண்டது. சிகிச்சையை மறுத்ததைப் பலர் வீரம் என்றார்கள். இருக்கலாம். அந்த வீரத்தின் அன்றாட வேலை யார் தலையில் விழுந்தது என்றும் கேட்க வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சட்டை மாட்டிவிடுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் சொல்வது. மறதி நோய் உள்ளவரைக் கவனிக்கும் எந்த வீட்டிலும் இதுதான் நாள் முழுக்க நடக்கும். கைதட்டல் இல்லாத வேலை அது.

இதை மெல்லி உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். 2007 ஜூன் 10ஆம் தேதி, இறப்பதற்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் உள்ள 100 கிளப்பில் கடைசியாகப் பாடினார். மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு உதவும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சி அது. அதாவது, டயானாவைப் போன்றவர்களுக்காக. அவர் மேடை வாழ்க்கையிலேயே நான் மிகவும் மதிக்கும் இரவு அதுதான்.

இறுதி ஊர்வலத்தில் ஜாஸ் வாத்தியம் முழங்கியது. சவப்பெட்டி வெறும் அட்டையால் ஆனது. நண்பர்கள் அதன்மேல் படங்களையும் வாசகங்களையும் அவரவர் கையால் கிறுக்கியிருந்தார்கள்.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். துக்க வீட்டில் நாகரிகம் கருதி அது சரி. அஞ்சலிக் கட்டுரையிலும் அதையே பிடித்துக்கொண்டால், இறந்தவரோடு வாழ்ந்து பட்டவர்களின் வாயை அடைக்கிறோம் என்று பொருள். அவர்கள் பேசட்டும். பாட்டு பிடிக்காதவர்களும் பேசட்டும். கொண்டாடுகிறவர்களும் தாராளமாகக் கொண்டாடட்டும், நானும் கொண்டாடுகிறேன்.

மெல்லியைத் தெரிந்துகொள்ள விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பெஸ்ஸி ஸ்மித் 1933இல் கடைசியாகப் பதிவுசெய்த பாடல்களைக் கேளுங்கள். பிறகு மெல்லி 1972இல் வெளியிட்ட ‘நட்ஸ்’ இசைத்தட்டைக் கேளுங்கள். அவருடைய புத்தகத்தை வாங்கினால் டயானாவுடையதையும் சேர்த்து வாங்குங்கள். டயானாவுடையதை முதலில் படியுங்கள்.