குளிப்பாட்டத் தெரிந்த ஒரு மகன், ஒரு மகள்



ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால், உயிரோடிருப்போர் மீது நான்கு கடமைகள் ஏற்படுகின்றன: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் செய்தல். இந்நான்கும் ஃபர்ளு கிஃபாயா ஆகும். ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்கிவிடும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அறிந்த அனைவரும் குற்றவாளிகள் ஆவர். தொழுகைக்கு நம் ஊர்களில் ஆள் குறைவதில்லை. சந்தூக்கைச் சுமக்கத் தோள்கள் போட்டியிடுகின்றன. முதற்கடமையான குளிப்பாட்டுதலுக்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பல மஹல்லாக்களில் இப்பணியை அறிந்தவர் ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர் என்ற நிலையே உள்ளது. அவர்களும் முதியவர்கள். மையித்தின் மகனும் மகளும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். பெற்றெடுத்து நம்மை முதன்முதலில் குளிப்பாட்டிய தாயைக் கடைசியாகக் குளிப்பாட்டும் பொறுப்பு அடுத்தவரிடம் போய்விட்டது. இதை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு இறப்பெய்தியபோது அவர்களைக் குளிப்பாட்டியவர்கள் யார்? மருமகனும் பெரிய தந்தையின் மகனுமான அலீ (ரலி), சிறிய தந்தை அப்பாஸ் (ரலி), அவருடைய புதல்வர்கள் ஃபழ்ல், குஸம் (ரலி), பிள்ளையைப் போல் வளர்ந்த உஸாமா (ரலி), பணியாளர் ஷுக்ரான் (ரலி) ஆகியோரே. அனைவரும் வீட்டு மனிதர்கள். பின்னாளில் புரிந்ததை முன்பே உணர்ந்திருந்தால் நபியவர்களை மனைவியராகிய நாங்களே குளிப்பாட்டியிருப்போம் என்று அன்னை ஆயிஷா (ரலி) வருந்தியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்களைக் குளிப்பாட்டியவர் அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி).

நபியவர்களின் மகள் ஸைனப் (ரலி) மறைந்தபோது, உம்மு அதிய்யா (ரலி) உள்ளிட்ட பெண்களுக்கு நபியவர்களே முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். இலந்தை இலை கலந்த நீரால் மூன்று அல்லது ஐந்து முறை, தேவையெனில் அதற்கும் மேலாக, ஒற்றைப்படையாகக் குளிப்பாட்ட வேண்டும். இறுதி முறையில் கற்பூரம் சேர்க்க வேண்டும். வலப்புறத்திலும் உளூவின் உறுப்புகளிலும் தொடங்க வேண்டும் என்றார்கள். முடிந்ததும் தம் கீழாடையைத் தந்து, மகளின் உடலோடு ஒட்டி உடுத்தச் சொன்னார்கள். மாபெரும் தாபிஈ அறிஞரான இப்னு ஸீரீன் (ரஹ்) இந்த முறையைக் கற்றது இந்த உம்மு அதிய்யா (ரலி) அவர்களிடம்தான். ஒரு பெண்மணி ஆசிரியையாக இருந்து பரப்பிய கல்வி இது. இன்று நம் வீட்டுப் பெண்கள் இதன் அருகில் வரவே அஞ்சுகிறார்கள்.

"துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளால் முடியுமா? அனுபவசாலி செய்வதுதானே நல்லது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. முறை அறிந்த நெருங்கிய உறவினருக்கே முன்னுரிமை, அறியாதபோது நம்பிக்கைக்குரிய பிறர் செய்யலாம் என்றே ஃபிக்ஹ் அறிஞர்களும் கூறுகின்றனர். அனுபவசாலியை விலக்க வேண்டியதில்லை. அவருக்கு உரிய கண்ணியத்தையும் ஊதியத்தையும் குறைக்கவும் வேண்டாம். அவருடைய கைக்குப் பக்கத்தில் மகனின் கையும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றத் தொடங்குபவர் அடுத்த முறை தாமே செய்யக் கற்றுக்கொள்வார்.

இதில் மறைத்தல் என்னும் பெரும் அமானிதமும் உண்டு. தொப்புள் முதல் முழங்கால் வரை துணியால் மூடியே இருக்க வேண்டும். தேவைப்படாத எவரும் அங்கே நிற்கக்கூடாது. உடலில் குறையோ நோயின் அடையாளமோ கண்டால் வெளியில் சொல்லக்கூடாது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்பது நபிமொழி. மூட்டுகளை மெல்ல மடக்குவதும், வயிற்றை மெதுவாக அழுத்துவதும், பொறுக்கும் சூட்டில் நீரை வைப்பதும் இந்தக் கண்ணியத்தின் பகுதிகளே. தாயின் மறைவை மகளைவிடப் பொறுப்புடன் காப்பவர் யார்?

ஒரு சட்ட விளக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். மனைவி கணவரைக் குளிப்பாட்டலாம். கணவர் மனைவியைக் குளிப்பாட்டுவதை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லை. காவிரிப் படுகையில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். சந்தூக் வந்து நிற்கும் நேரத்தில் இதை விவாதிக்காமல், முன்பே தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

நம் தஞ்சைப் பகுதிக்கே உரிய ஒரு நிலைமையும் இங்கே சேர்கிறது. அதிராம்பட்டினம் முதல் கூத்தாநல்லூர் வரை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. மரணச் செய்தி சென்றதும் விமானச் சீட்டு தேடப்படுகிறது. திருச்சியில் இறங்கி மகன் வரும்வரை தந்தை ஐஸ் பெட்டியில் காத்திருக்கிறார். ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நபிகளாரின் கட்டளை. மகனின் ஏக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வந்து சேரும் அவர் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். முகம் பார்ப்பதற்காகக் காலம் தாழ்த்துகிறோம். பணிவிடைக்கு மட்டும் யாரும் இல்லை. ஊரில் இருக்கும் பேரனும் மருமகனும் முறை அறிந்தவர்களாக இருந்தால், "உங்கள் வாப்பாவை நாங்களே குளிப்பாட்டி அடக்கினோம்" என்று தொலைபேசியில் சொல்லலாம். அதைவிட ஆறுதலான சொல் அந்த மகனுக்கு வேறெது?

இந்த உரிமையின் அருமையைக் கொரோனா காலம் நமக்குக் காட்டியது. 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், நோயால் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டவும் முத்தமிடவும் தடை விதித்தது. இலங்கையில் நிலைமை இன்னும் கொடியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் எரியூட்டல் கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து 20 நாளே ஆன பச்சிளம் குழந்தையின் உடலும் அதற்குத் தப்பவில்லை. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. தம் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கஃபனிட முடியவில்லையே என்று அந்தப் பெற்றோர் கதறியதை நாம் கேட்டோம். அவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை; நாமே கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்குச் சில ஆலோசனைகள். ஆண்டுக்கு ஒருமுறை அஸருக்குப் பின் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, குளிப்பாட்டுதலையும் கஃபன் துணி வெட்டுவதையும் செய்முறையாகக் கற்பியுங்கள். நிஸ்வான் மதரஸாக்களின் இறுதியாண்டுப் பாடத்தில் இதைக் கட்டாயமாக்குங்கள். கஃபன் துணி, கற்பூரம், இலந்தை இலைப் பொடி, பஞ்சு, கையுறை ஆகியவற்றைப் பள்ளிவாசலில் எப்போதும் ஆயத்தமாக வையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் குளிப்பாட்டத் தெரிந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உருவாகட்டும். பெற்றோரே, இன்ன மகன், இன்ன மகள் எம்மைக் குளிப்பாட்ட வேண்டும் என்று இன்றே வஸிய்யத்தாகச் சொல்லி வையுங்கள். அந்தச் சொல் பிள்ளைகளின் அச்சத்தை நீக்கும்.

நம் பெற்றோருக்குக் கடைசிப் பணிவிடை செய்யும் பேற்றை அல்லாஹ் நமக்கும், நமக்கு அதைச் செய்யும் பேற்றை நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக! ஆமீன்.