பச்சை மனுசன் ஓடுறான், கதவு பூட்டியிருக்கு!

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஃபயர் டிரில். பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஃபயர் டிரில்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். மணி அடிச்சா கீழ போய் டீ குடிக்கலாம், அவ்ளோதான். நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஏழாவது மாடி. லிஃப்டை நிறுத்திட்டாங்க. நிஜம் மாதிரி இருக்கட்டும்னு படிக்கட்டு லைட்டையும் அணைச்சுட்டாங்க. கரண்ட் போனா தானா எரியணும்னு சுவத்துல மாட்டி வச்சிருக்கிற எமர்ஜென்சி லைட் ஏழு மாடிக்கும் சேர்த்து எரிஞ்சது ரெண்டே ரெண்டு. எல்லாரும் செல்போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு இறங்கினோம்.

கீழ வந்து பார்த்தா, தலைக்கு மேல பச்சை மனுசன் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கான். அவனுக்குக் கீழ கதவுல சங்கிலி, பூட்டு.

செக்யூரிட்டி அண்ணன் சாவியோட ஓடி வந்தார். "என்னண்ணே இது?"ன்னேன். "லேப்டாப் வெளிய போயிடுதுன்னு பூட்டச் சொல்லிட்டாங்க சார். டிரில்னா முன்னாடியே சொல்லுவாங்க, தொறந்து வச்சிருவேன். இந்த வாட்டி யாரும் சொல்லலை"ன்னார்.

தீயும் முன்னாடியே சொல்லிட்டு வருமாண்ணேன்னு கேட்க வாய் வந்துச்சு. பாவம், அவர் என்ன பண்ணுவார்.

அடுத்த வாரமே மெயில். 'ஸ்மார்ட்' எமர்ஜென்சி லைட் போடப் போறாங்களாம். ஒவ்வொரு லைட்டும் தன்னைத் தானே சோதிச்சுக்கும், பேட்டரி செத்தா செல்போனுக்குச் சேதி வரும், டாஷ்போர்டுல பச்சை, சிவப்புன்னு காட்டும். மீட்டிங்ல எல்லாரும் கை தட்டினாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கதவு பூட்டியிருந்தா அந்த டாஷ்போர்டு காட்டுமா?" டேமேஜர் சொன்ன பதில்: "அது நம்ம ஸ்கோப்ல இல்லை."

இந்தப் பதிவை எழுத வச்சது அந்த ஒத்தை வரிதான்.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லைங்க, எனக்குச் சோறு போடுறதே அதுதான். ஆனா இந்த சமாச்சாரத்துல வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அடியில பொணங்க இருக்கு. 1883-ல இங்கிலாந்துல சண்டர்லேண்ட் விக்டோரியா ஹால். பரிசு தர்றாங்கன்னு குழந்தைங்க படியில இறங்கி ஓடி வந்தாங்க. கீழ கதவு ஒரு ஆள் நுழையற அளவுக்கு மட்டும் திறந்து தாழ் போட்டிருந்துச்சு. 183 குழந்தைங்க நசுங்கிச் செத்தாங்க. 1892-ல அதே நாட்டுல ராபர்ட் பிரிக்ஸ்ங்கறவர் தள்ளினா திறக்கிற கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். 1903-ல சிகாகோ இரோக்வாய் தியேட்டர். வெளிய போற கதவுங்க திரைக்குப் பின்னாடி, வழி காட்ட ஒரு பலகை இல்லை, தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியலை. 602 பேர். 1908-ல 'வான் டூப்ரின்'ங்கற பேர்ல அமெரிக்காவுல பேனிக் பார் விற்பனைக்கு வந்துச்சு.

பேனிக் பார் என்ன பண்ணும்? வெளிய இருந்து யாராலயும் திறக்க முடியாது. உள்ள இருந்து இடுப்பால இடிச்சாலே திறந்துக்கும். கூடவே ஒரு அலாரம் மாட்டிட்டா, எவன் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போறான்னு ஊருக்கே தெரியும். அதாவது, எங்க ஆபீஸ் "தீர்க்க முடியாத பிரச்சினை"க்கு நூறு வருசத்துக்கு முன்னாடியே விடை கண்டுபிடிச்சாச்சு. நாம வாங்கினது சங்கிலி.

அந்தப் பச்சை மனுசன் கதைக்கு வருவோம். 1972-ல ஒசாகா சென்னிச்சி டிபார்ட்மென்ட் ஸ்டோர் தீயில 118 பேர் போனாங்க. 1973-ல குமாமோட்டோவுல இன்னொரு கடை, நூறு பேருக்கு மேல. அப்புறம்தான் ஜப்பான்ல போட்டி வச்சு, ஓடுற மனுசனைத் தேர்ந்தெடுத்தாங்க. 1980-கள்ல அது உலகத் தரத்துக்குள்ள போச்சு. படிக்கத் தெரிய வேண்டாம்ங்கறதுதான் அதோட பெருமை. 'எக்ஸிட்'னு இங்கிலீஷ்ல எழுதி வச்சா, நம்ம மாடியைப் பெருக்குற அக்காவுக்கு என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? அந்தப் படத்துல கதவு திறந்திருக்கு. அது வெறும் அலங்காரம் இல்லை, வாக்குறுதி.

புகை மேலதான் போகும், தலைக்கு மேல இருக்கிற பலகைதான் முதல்ல மறையும். 1983-ல ஏர் கனடா விமானம் ஒண்ணு சின்சினாட்டியில இறங்கி எரிஞ்சு 23 பேர் செத்தாங்க. அடுத்த வருசமே விமானத்துல தரையை ஒட்டி வழிகாட்டி விளக்கு கட்டாயம்னு அமெரிக்கா சட்டம் போட்டுச்சு. 1993-ல நியூயார்க் உலக வர்த்தக மையத்துல குண்டு வெடிச்சு படிக்கட்டெல்லாம் இருட்டாச்சு. அப்புறம் படிகள்ல இருட்டுல ஒளிர்ற பெயின்ட் அடிச்சாங்க. 2004-ல உயரமான ஆபீஸ் கட்டடங்களுக்கு அதை நகரச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், சாதாரண வெளிச்சத்தை வாங்கி வச்சிருந்தாப் போதும். ஒரே நிபந்தனை, அதை பேனர் வச்சு மறைக்கக் கூடாது :-)

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு தள்ளிட முடியாது. 1997 டெல்லி உபஹார் தியேட்டர், 59 பேர். அதிக சீட் போட்டு வழியை அடைச்சிருந்தாங்க, எமர்ஜென்சி லைட் எரியலை. 2010 பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ், 9 பேர். நம்மளை மாதிரி ஆபீஸ் போனவங்க, புகை தாங்காம ஜன்னலை உடைச்சுக் குதிச்சாங்க.

பேட்டரி செத்ததை லைட்டே சொல்றது நல்ல விசயம்தான். அமெரிக்க விதிப்படி மாசம் 30 செகண்ட், வருசத்துக்கு ஒரு தடவை 90 நிமிசம் எரிய விட்டுப் பார்க்கணும். நம்ம ஊர்ல அந்த டெஸ்ட் பட்டனை எவனும் தொடுறதில்லை, மெஷினாவது தொடட்டும். ஆனா நம்ம தொழில்ல தினம் பார்க்கிறோமே மக்களே: மானிட்டர்ல எல்லாம் பச்சை, கஸ்டமரால மட்டும் லாகின் பண்ண முடியலை. விளக்கு எரியுதாங்கறது இல்லை கேள்வி. ஆள் வெளிய வர முடியுதாங்கறதுதான் கேள்வி. அதை ஸ்கோப்புக்கு வெளிய வச்சுட்டு எத்தனை லட்சத்தைக் கொட்டினாலும், பூட்டின கதவுக்கு நல்லா வெளிச்சம் அடிச்ச கதைதான்.

மெயில் போட்டேன், தலைக்குத் தலை காப்பி வச்சு. மூணு நாள்ல சங்கிலி போச்சு. நேத்து இறங்கிப் பார்த்தேன். அதே கதவுக்கு முன்னாடி இருபது லிட்டர் தண்ணி கேன் அடுக்கி வச்சிருக்கு. திரும்ப மெயில் போடணும்.

நாளைக்கு ஒரு தடவை லிஃப்டை விட்டுட்டு உங்க ஆபீஸ் படிக்கட்டுல இறங்கிப் பாருங்க. கடைசிக் கதவைத் தள்ளிப் பாருங்க. திறந்துச்சுன்னா சந்தோசம். திறக்கலைன்னா சத்தம் போடுங்க.

டிஸ்கி: செக்யூரிட்டி அண்ணனை யாரும் திட்டாதீங்க. பூட்டச் சொன்னவர் வேற, அவருக்கு டிரில் அன்னிக்கு லீவு.