ஆயுத பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜையன்று மோட்டார் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். வாழைக் கன்று கட்டுகிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் திருஷ்டி கழிக்கிறோம். ஆனால், அதே வண்டியின் மூடியைத் திறந்து, இதில் எண்ணெய் எங்கே, தண்ணீர் எங்கே என்று கேட்டுவிட்டால், படித்தவர்களில் அநேகர் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். ஆயுதத்துக்குப் பூஜை, அதைப் பிடிக்கும் கைக்கோ "மெக்கானிக் பையன்" என்ற பட்டம்! அந்தப் பையனுக்கு வயது ஐம்பதாயிருந்தாலும் சரிதான்.

மோட்டாரின் சரித்திரம் இந்த மனப்பான்மையை ஆதரிக்கவில்லை. 1888-ஆம் வருஷம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் நிர்மாணித்த மூன்று சக்கர வண்டியில், அவரிடம் சொல்லாமலே, இரண்டு புதல்வர்களுடன் பிரயாணம் கிளம்பினார். மான்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எரிபொருள் தேவைப்பட்டபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்தபோது சக்கிலியரிடம் தோல் வைத்து அடிக்கச் செய்தார். அப்போது அவருக்கு வயது 39.

நம் நாட்டு ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றவர். 1920-இல் ஒரே பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கி, பின்னாளில் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக்கே வழிகாட்டியானார்.

வயது முதிர்ந்தபின் இந்த அரிச்சுவடியைத் தொடங்குவோர்க்கு முதல் பாடம் எஞ்சினின் நான்கு செயல்கள். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உருளைக்குள் இழுத்தல், அதை அழுத்துதல், பொறியால் எரித்துப் பிஸ்டனைத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல். 1876-இல் நிகோலஸ் ஒட்டோ உருவாக்கிய முறை இது. நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில், ஒவ்வோர் உருளையிலும் விநாடிக்கு 25 முறை தீ மூளுகிறது. இதை உணர்ந்தவனுக்கு, எண்ணெயும் தண்ணீரும் ஏன் அவசியம் என்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

மற்றப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிஷம் கழித்தே எண்ணெய்க் கோலை எடுத்துத் துடைத்து, மறுபடி அமிழ்த்திப் பார்க்க வேண்டும். இல்லையேல் கீழே வடியாத எண்ணெய் கணக்கில் வராது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கலாகாது; அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். சக்கரம் மாற்றும்போது, ஜாக்கியால் தூக்குமுன் நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் சக்கரம் சுழன்றுவிடும். முடுக்கும்போது எதிரெதிராக முடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது. மின்சார வண்டியிலுள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகளை, பயிற்சி பெற்றவரன்றி மற்றவர் தொடலாகாது. அவற்றில் ஓடுவது பல நூறு வோல்ட். எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் கல்வியில் சேர்ந்ததே.

எல்லோரும் இதைக் கற்றுவிட்டால் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது என்று சிலர் கேட்கலாம். நான் அஞ்சவில்லை. சங்கீதம் கற்றவன்தான் வித்வானின் அருமையை அறிகிறான். ஒரு போல்ட்டைத் துருவிலிருந்து விடுவிக்க அரை நாள் பாடுபட்டவன், பட்டறையில் கூலிக்குப் பேரம் பேசமாட்டான். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் அந்தச் செவியின் முன்னால், பட்டதாரிகள் மாணவர்களாக உட்கார்ந்து, "நீங்கள்" என்று அழைத்துப் பாடம் கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை, பெருமை உண்டு.

யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியதனால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. திறந்து பார்த்து, பழுது நீக்கத் தெரிந்த மக்களுக்கே அது சொந்தம். 1947-இல் தேசம் விடுதலை பெற்றது. தலைக்கும் கைக்கும் இடையே நாம் போட்டிருக்கும் வேலி இன்னும் விழவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. வித்தை தொடங்கும் நாள். அன்று குழந்தையை நெல்லில் எழுத வைப்பவரை ஆசிரியர் என்று வணங்குகிறோம். பெரியவர்களுக்கு எண்ணெய்க் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவரையும் அதே சொல்லால் அழைப்போமாக.