சிகிச்சையகங்களில் மருந்துப் பதிவு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

தனியார் சிகிச்சையகங்களில் நோயாளிக்குச் செலுத்தப்படும் ஊசிமருந்து முதல் தையல் நூல் வரை ஒவ்வொன்றின் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கேஸ் ஷீட்டில் பதியப்பட வேண்டும் என்றும், அப்பதிவுக்குப் பணியிலுள்ள செவிலியரே பொறுப்பாளி என்றும் சில நிர்வாகங்கள் கட்டளை பிறப்பித்திருப்பதைப் பற்றி, அங்கத்தினர் நன்கறிந்த வாதப் பிரதிவாதங்களை மீண்டும் விவரிக்காமல், செயற்குழு தன் அபிப்பிராயத்தை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறது.

பதிவு அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்ததும், அதைப் பருகிய மத்தியப் பிரதேசக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டதும் 2025 அக்டோபரில் வெளிப்பட்டபோது, ஊரெங்கும் தேடப்பட்டது எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண்தான். பெரிய புட்டியிலிருந்து சிறு புட்டிக்கு ஊற்றி, பெயர்கூட எழுதாமல் கொடுத்தனுப்பும் இடத்தில் அந்த எண்ணை எங்கே போய்த் தேடுவது?

ஆயினும், மருந்தைத் திறந்தவர் எவரோ அவரே, திறந்த அந்தச் சமயத்திலேயே எழுத வேண்டும் என்பதில் சங்கம் அணுவளவும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆம்பூலின் மீதுள்ள பொடி எழுத்து ஸ்பிரிட் பஞ்சு பட்ட மாத்திரத்தில் அழிந்துபோகிறது. எண் தெளிவாக அச்சிட்ட அட்டைப்பெட்டியோ அதற்குள் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. மாலையில் காலிக் குப்பிகளைப் பொறுக்கி, எது எந்த நோயாளிக்குரியது என்று ஊகித்துக் கட்டங்களை நிரப்பும்படி செவிலியரை ஏவுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? ஆம்பூலை உடைத்தவர் ஒருவர், ஊசி போட்டவர் மற்றொருவர், கையெழுத்து மட்டும் செவிலியருடையதா? இதற்குப் பதிவு என்று பெயரிடுவது தகாது. நாளை நேரக்கூடிய விபரீதத்தின் பழியை ஏற்பதாக இன்றே எழுதி வாங்கிக்கொள்ளும் சம்மதப் பத்திரம் இது. எச்-1 பட்டியல் மருந்தை விற்கும் கடைக்காரர் 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்கக் கடமைப்பட்டிருக்கையில், அதே மருந்தைத் தம் கையால் திறக்கும் மருத்துவருக்கு ஒரு வரி எழுதுவதில் என்ன கௌரவக் குறைவு?

கண்ணில் பொருத்தும் லென்ஸுடன் வருவது போன்ற ஒட்டுச்சீட்டுகள் ஏனைய பொருள்களுக்கும் இயன்றவரை கிடைக்கச் செய்வது உசிதம். கணினிப் பதிவு, சிறு சிகிச்சையகங்களின் வசதியை அனுசரித்து, வரவேற்கத்தக்கதே. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அளிக்கப்பட வேண்டிய ஆவணங்களில் இவ்விவரமும் அடங்குதல் நலம். அமலாக்கத் தேதி குறித்துக் குழுவில் கருத்து வேற்றுமை நிலவியபடியால், ‘கூடிய விரைவில்’ என்ற வாசகமே ஏற்கப்பட்டது.

கட்டளை திருத்தப்படும் வரை, தாம் திறக்காத மருந்துக்கு நேரே எந்த அங்கத்தினரும் கையெழுத்திட வேண்டாம்; மறுத்தமைக்காக எவருக்கேனும் இடையூறு நேரின், அதை உடனே எழுத்துமூலம் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.